கடலும் கருவியும் – 9: படகில் இருப்பவரும் குழுவில் ஒருவர்

மீனவர்களுக்கான ‘ஃபிஷர் ஃப்ரெண்ட்’ செயலி ஒரே கூரையின்கீழ் உருவானதல்ல. திட்டத்தை நடத்துவது சென்னையில் உள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். அலை, காற்று, மீன் கிடைக்கும் இடம் பற்றிய தகவல்கள் ஹைதராபாத்தின் ‘இன்காய்ஸ்’ மையத்திலிருந்து வருகின்றன. கைகொடுத்த குவால்காம் நிறுவனத்தின் தலைமையகம் அமெரிக்காவின் சான் டியகோ. இவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள மின்னஞ்சல் உண்டு, காணொளிக் கூட்டம் உண்டு. அந்தச் செயலியைக் கையில் வைத்துக்கொண்டு கடலுக்குப் போகிறவரின் பேச்சு இவர்களை எப்படி எட்டும்?

புதுச்சேரியில், கருங்கல் கொட்டிய குருசுக்குப்பம் கரையில் நின்று பார்த்தால் இந்தக் கேள்வியின் கனம் புரியும். மீன்வள முன்னறிவிப்பு ஆழத்தை மீட்டரில் சொல்கிறது. நம் கரையில் ஆழத்துக்குக் கணக்கு பாகம். இரு கைகளையும் விரித்த நீளம், ஏறக்குறைய ஆறடி. 20 மீட்டர் என்றால் 11 பாகம். காற்றுக்கு வாடை, கச்சான் என்றும், நீரோட்டத்துக்கு வன்னி, தெண்டி என்றும் பெயர் வைத்துத் தொழில் செய்பவர்கள் நம் மீனவர்கள். ஆழ்கடலில் அலை எத்தனை மீட்டர் என்பதைவிட, படகை இறக்கும் இடத்தில் அலை எப்படி உடைகிறது என்பதுதான் விடியற்காலையில் அவர்களுக்கு முதல் கவலை. அதைக் கணினி முன் இருப்பவருக்கு அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

மக்களையும் சேர்த்துக்கொள்வது புதுச்சேரிக்குப் புதிய பாடமல்ல. 1998-இல் வில்லியனூரை மையமாக வைத்து இதே ஆராய்ச்சி நிறுவனம் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்த அலை முன்னறிவிப்பை வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மையங்களை நடத்தியவர்கள் உள்ளூர்க்காரர்கள். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்ததும், நல்லவாடு மக்கள் தங்கள் ஊர் மையத்து ஒலிபெருக்கியில் அறிவித்து ஊரையே காலி செய்தார்கள். மூவாயிரத்துக்கும் அதிகமானோர் பிழைத்தார்கள். சுனாமியை நினைத்து யாரும் அந்த ஒலிபெருக்கியை வைக்கவில்லை. அது மக்கள் கையில் இருந்தது, அதனால் உதவியது.

2017-இல் ஒக்கிப் புயல் வந்தபோது, கைபேசி எட்டாத தொலைவில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அந்த வலியிலிருந்து பிறந்தது, 2019-இல் வந்த ‘ஜெமினி’ கருவி. செயற்கைக்கோள் வழியாக நடுக்கடலுக்கும் செய்தி அனுப்பும். ஆனால் படகிலிருந்து பதில் அனுப்ப வழியில்லை. இருவழியிலும் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில்தான் தொடங்கியது.

கருவி வடிவமைக்கும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். தொலைவில் இருக்கும் சக பொறியாளருக்குக் கொடுக்கும் இடத்தை மீனவருக்கும் கொடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். அப்போது குப்பத்துக்கு வாருங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எதைச் செய்தோம், எதைச் செய்ய முடியவில்லை, ஏன் என்று திரும்ப வந்து சொல்லுங்கள். ஊர்ப் பஞ்சாயத்து கூடும் இடத்தில் நடக்கும் அந்தப் பேச்சும் வடிவமைப்புக் கூட்டம்தான். அதைத் தவிர்த்துச் செய்யும் கருவி பாதிக் கருவி.