தானாக லாகின் ஆகும் கம்ப்யூட்டர்... உங்க பாஸ்வேர்டு எங்கே இருக்கு தெரியுமா?

கடையில் பில் போடும் கம்ப்யூட்டர், ஆபீஸ் ரிசப்ஷன் டிஸ்ப்ளே, பின்னறையில் ஓடும் பேக்கப் மெஷின். கரன்ட் போய்ட்டு வந்தால் யாராவது வந்து பாஸ்வேர்டு அடிக்கும் வரை இவை சும்மா நிற்கும். ‘இதுக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதிடலாமே’ என்று தோன்றும். எழுதலாம்தான். ஆனால் அந்த ஸ்கிரிப்ட்டுக்கும் உங்க பாஸ்வேர்டு தெரிய வேண்டுமே, அதை எங்கே வைப்பீர்கள்?

பலரும் முதலில் முயல்வது, ஆட்டோஹாட்கீ மாதிரியான கருவியை வைத்து லாகின் திரையில் பாஸ்வேர்டைத் தானாக டைப் செய்ய வைப்பது. விண்டோஸில் இது நடக்காது. லாகின் திரை, நீங்கள் வேலை செய்யும் டெஸ்க்டாப்பிலிருந்து பிரிக்கப்பட்ட தனி டெஸ்க்டாப்பில் இயங்குகிறது. சாதாரண ஸ்கிரிப்ட் அழுத்தும் கீ அங்கே போய்ச் சேராது. ஒரு யூசரிலிருந்து இன்னொருவருக்கு மாறும்போதும் இதே சுவர்தான். திரையைப் பூட்டலாம், லாக் ஆஃப் செய்யலாம். அடுத்தவர் பாஸ்வேர்டை ஸ்கிரிப்ட் அடிக்க முடியாது.

விண்டோஸே தரும் வழி ஒன்று உண்டு. ரெஜிஸ்ட்ரியில் ‘விண்லாகான்’ என்ற இடத்தில் ‘ஆட்டோ அட்மின் லாகான்’ மதிப்பை 1 என மாற்றி, யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுதிவிட்டால் போதும். அடுத்த முறை ஆன் செய்ததும் நேராக டெஸ்க்டாப் வந்துவிடும். சிக்கல் என்னவென்றால், அங்கே பாஸ்வேர்டு எந்தப் பூட்டும் இல்லாமல், எழுத்து எழுத்தாக அப்படியே கிடக்கும். அந்தக் கம்ப்யூட்டரில் சாதாரண கணக்கு வைத்திருப்பவர்கூட திறந்து படிக்கலாம்.

இதற்கு மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ‘ஆட்டோலாகான்’ என்ற இலவசக் கருவி இருக்கிறது. பாஸ்வேர்டை என்கிரிப்ட் செய்து வைக்கும். ஆனாலும் அட்மின் உரிமை உள்ளவர் அதை எளிதாக வெளியே எடுத்துவிடலாம். அட்மின் அல்லாதவரிடமிருந்து மட்டும்தான் பாதுகாப்பு.

‘லாகின் வேண்டாம், ஒரே ஒரு புரோகிராமை அட்மினாக ஓட்டினால் போதும்’ என்பவர்கள் ‘ரன்ஆஸ்’ கட்டளையுடன் ‘சேவ்கிரெட்’ சேர்த்து பேட்ச் ஃபைல் எழுதுவார்கள். ஒருமுறை பாஸ்வேர்டு கொடுத்தால் விண்டோஸ் நினைவில் வைத்துக்கொள்ளும். வசதிதான், ஆனால் என்னைக் கேட்டால் இதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. சேமித்த அனுமதி அந்த ஒரு புரோகிராமுக்கு மட்டுமானது அல்ல. அதே கணக்கில் உட்காரும் யாரும் எந்தப் புரோகிராமையும் அட்மினாகத் திறக்கலாம்.

உண்மையில் பாதிப் பேருக்கு லாகினே தேவைப்படாது. ராத்திரி 2 மணிக்கு பேக்கப் எடுப்பதுதான் வேலை என்றால், டாஸ்க் ஷெட்யூலரில் ‘யூசர் லாகின் செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும் இயக்கு’ என்பதைத் தேர்வு செய்தால் போதும். திரையில் ஒன்றும் தெரியாது, வேலை முடிந்திருக்கும்.

லினக்ஸ்காரர்களும் ஸ்கிரிப்ட்டுக்குள் பாஸ்வேர்டை எழுதி ‘சூடோ’வுக்கு அனுப்புவதுண்டு. அதைவிட, ‘விசூடோ’ மூலம் குறிப்பிட்ட ஒரே கட்டளைக்கு மட்டும் பாஸ்வேர்டு கேட்காதபடி அனுமதி தரலாம். அந்தக் கட்டளை நீங்களே எழுதிய ஸ்கிரிப்ட்டா? அப்போ அந்த ஃபைலை ரூட் தவிர வேறு யாரும் திருத்த முடியாதபடி வையுங்க. இல்லாவிட்டால் யாராவது உள்ளே ஒரு வரி சேர்த்தாலே மெஷின் முழுக்க அவர் கையில். மேக்கில் ஃபைல்வால்ட் ஆன் செய்திருந்தால் ஆட்டோ லாகினே கிடையாது.

சரி, பில்லிங் கவுன்டருக்கு என்ன செய்வது? அட்மின் உரிமை இல்லாத தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி, வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு வைத்து, அதற்கு மட்டும் ‘ஆட்டோலாகான்’ போடுங்க. பராமரிப்புக்காக வேறு கணக்கில் நுழைய வேண்டிய நாளில், தானாக லாகின் ஆகும் முன் ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்தால் அந்த ஒரு முறை மட்டும் லாகின் திரை வரும்.