கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்

கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும் என்பது புதுமைப்பித்தன் எழுதிய நகைச்சுவை மிக்க தமிழ்ச் சிறுகதை ஆகும். இது 1943 ஆம் ஆண்டு கலைமகள் இதழில் வெளிவந்தது. சென்னை நகருக்கு வரும் கடவுள் ஒரு நடுத்தரக் குடும்பத்தில் விருந்தினராகத் தங்குவதே இதன் கதைக்கரு. தமிழில் எழுதப்பட்ட மிகுபுனைவு நகைச்சுவைக் கதைகளுள் இது முதன்மையான ஒன்றாகக் கருதப்படுகிறது.

ஆசிரியர்

புதுமைப்பித்தனின் இயற்பெயர் சொ. விருத்தாசலம் (1906 - 1948). மணிக்கொடி காலத்து எழுத்தாளரான இவர், தினமணி முதலிய இதழ்களில் பணியாற்றினார். தெய்வங்களும் பேய்களும் மனிதரோடு உரையாடும் கதைகள் பலவற்றை இவர் எழுதியுள்ளார். காலனும் கிழவியும், வேதாளம் சொன்ன கதை ஆகியவை அவற்றுள் சில. இவருடைய நூல்கள் 2002 ஆம் ஆண்டு தமிழக அரசால் நாட்டுடைமை ஆக்கப்பட்டன.

கதைச்சுருக்கம்

கந்தசாமிப் பிள்ளை சித்த வைத்தியம் தொடர்பான இதழ் ஒன்றை நடத்தி வருபவர். பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் இடத்தில் நின்று, வீட்டுக்கு டிராமில் போவதா, பேருந்தில் போவதா, நடந்து போவதா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்போது முதியவர் ஒருவர் தோன்றி, திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். அவரே கடவுள்.

இருவரும் உணவு விடுதிக்குச் சென்று காப்பி அருந்துகின்றனர். காப்பியின் சுவையைக் கடவுள் வியக்கிறார். அது விடுதிக்காரர் கலந்த சிக்கரியின் வேலை என்று பிள்ளை விளக்குகிறார். சிறு தொகைக்குக் கடவுள் 100 ரூபாய்த் தாளை நீட்டுவது விடுதியில் சிக்கலை உண்டாக்குகிறது. வந்தவர் கடவுள் என்று தெரிந்த பின்னரும் பிள்ளை வரம் எதையும் நாடவில்லை. தம் இதழுக்கு ஆயுள் சந்தா சேர்க்கவே முயல்கிறார்.

பிள்ளையின் வீட்டில் கடவுள் உறவினர் போலத் தங்குகிறார். சிறுமி வள்ளி அவரைத் தாத்தாவாக ஏற்றுக்கொண்டு விளையாடுகிறாள். நகரில் பிழைப்பதற்கு ஒரு தொழில் வேண்டும் என்ற பேச்சு எழும்போது, தமக்கு ஆடத் தெரியும் என்கிறார் கடவுள். அவரும் தேவியும் கலைப் புரவலரான ஒரு திவான் பகதூரின் முன்னிலையில் ஆடுகின்றனர். புலித்தோலும் பாம்பும் கொண்ட அந்த ஆட்டம் கலை முறைக்கு ஒவ்வாது என்று தள்ளப்படுகிறது. மனிதருக்குத் தொலைவில் இருந்து வரம் தர இயலும், உடன் வாழ இயலாது என்ற முடிவுக்குக் கடவுள் வருகிறார். அவர் மறைந்த பின்பு, பிள்ளையின் ஏட்டில் ஆயுள் சந்தா 25 ரூபாய் வரவு வைக்கப்படுவதோடு கதை முடிகிறது.

பின்புலம்

கதை நிகழும் காலத்தில் சென்னையில் டிராம் வண்டிகள் ஓடின. 1895 இல் தொடங்கிய இச்சேவை 1953 இல் நிறுத்தப்பட்டது. அன்று ஒரு ரூபாய் 16 அணாவாகவும், ஓர் அணா 12 தம்பிடியாகவும் கணக்கிடப்பட்டது. அணாக்கணக்கில் அமைந்த விலைப்பட்டியலுக்கு 100 ரூபாய்த் தாள் மிகப் பெரிய தொகை என்பதை அறிந்தால் விடுதிக் காட்சியின் நகைச்சுவை தெளிவாக விளங்கும். திவான் பகதூர் என்பது ஆங்கிலேய அரசு இந்தியருக்கு வழங்கிய பட்டங்களுள் ஒன்று.

மரபும் மாற்றமும்

கடவுள் மனித வடிவில் நகருக்கு வருவது தமிழ் மரபுக்குப் புதிதன்று. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் சிவபெருமான் மதுரையில் விறகு விற்கிறார். பிட்டுக்கு மண் சுமந்து, பாண்டியனிடம் பிரம்படியும் பெறுகிறார். ஆனால் புராணத்தில் அவர் யார் என்பது வெளிப்பட்டவுடன் அனைவரும் வணங்குகின்றனர். புதுமைப்பித்தன் இந்த முடிவைத் தலைகீழாக்குகிறார். இங்கு அடையாளம் தெரிந்தும் எதுவும் மாறுவதில்லை. வாடகை, சந்தா, வைத்தியம் என்று பிள்ளையின் அன்றாடக் கவலைகள் அப்படியே தொடர்கின்றன.

நாட்டியக் காட்சி இதன் உச்சம் எனலாம். ஆடலின் தலைவனாகக் கோயிலில் வணங்கப்படுபவர், நேரில் ஆடியபோது தகுதியற்றவராகிறார். கடவுளைச் சிலையாக வழிபடும் கனவான்களின் அவையில், அவர் உயிருடன் வந்து நிற்க இடமில்லை என்பதே இக்காட்சியின் அங்கதம். கதை கடவுளை மறுப்பதும் இல்லை, போற்றுவதும் இல்லை. அவரோடு பழகும் மனிதரையே அளக்கிறது. வரவு செலவு பாராமல் அவரிடம் பழகுபவள் குழந்தை வள்ளி என்பது குறிப்பிடத்தக்கது.

ஒப்பிடத்தக்க படைப்புகள்

எச். ஜி. வெல்சு 1895 இல் எழுதிய தி ஒண்டர்ஃபுல் விசிட் என்னும் ஆங்கிலப் புதினத்தில், வானதூதர் ஒருவர் இங்கிலாந்துச் சிற்றூர் ஒன்றில் பாதிரியாரின் விருந்தினராகிறார். சீமாட்டி ஒருவரின் இல்லத்தில் வயலின் வாசிக்கும் அவரும் அங்குள்ள மேட்டுக்குடி வழக்கங்களுக்குப் பொருந்தாமல் போகிறார். தமிழ்த் திரைப்படத்தில், சிம்புதேவன் இயக்கி 2008 இல் வெளிவந்த அறை எண் 305ல் கடவுள் என்னும் படமும் சென்னையில் ஒரு மேன்சன் அறைக்குக் கடவுள் வருவதைக் கருவாகக் கொண்டது.