டன்னாக வரும், கட்டாகப் போகும்

கட்டுமானக் கம்பி கடைக்கு டன் கணக்கில் வந்து இறங்குகிறது. மேஸ்திரி கட்டாகக் கேட்பார், காண்ட்ராக்டர் கிலோ விலை பேசுவார், திண்ணை கட்டுகிறவர் நாலே நாலு கம்பி போதும் என்பார். சரக்கு ஒன்றுதான். கணக்கு மென்பொருளுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

டேலியோ எஸ்.ஏ.பி.யோ, ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அடிப்படை அலகைக் கேட்கும். இருப்பு அந்த அலகில்தான் நிற்கும். பில்லில் வேறு அலகு போட்டால் உள்ளே மாற்றிக் கழித்துக்கொள்ளும்.

டஜன் என்றால் சோப்புக்கும் 12, பேனாவுக்கும் 12. கட்டு அப்படியல்ல. 12 மீட்டர் நீளக் கம்பியில் 8 மி.மீ. என்றால் கட்டுக்கு வழக்கமாக 10 கம்பி, 10 மி.மீ. என்றால் 7, 12 மி.மீ. என்றால் 5, 16 மி.மீ. என்றால் 3. எந்தக் கட்டைத் தூக்கினாலும் ஏறக்குறைய 50 கிலோ. ஆகவே இந்த விகிதத்தைப் பொருளோடு சேர்த்துத்தான் பதிய வேண்டும். டேலியில் இதற்கு மாற்று அலகு என்ற வசதி இருக்கிறது. ஜி.எஸ்.டி.யின் அலகுப் பட்டியலிலும் கட்டு உண்டு, 1,728 எண்ணத்தைக் குறிக்கும் பெருங்குரோஸ்கூட உண்டு; ஆனால் ஒரு கட்டில் எத்தனை என்று அது கேட்பதில்லை.

அடிப்படை அலகாகக் கட்டை வைத்தால் வம்பு. 10 மி.மீ. கம்பி ஒன்று கட்டில் ஏழில் ஒரு பங்கு. இரண்டு தசமத்தில் 0.14. ஏழையும் ஒவ்வொன்றாக விற்றபின் திரையில் 0.02 கட்டு மிச்சம் நிற்கும். எஸ்.ஏ.பி. விகிதத்தைத் தசமமாக வைக்காமல் தொகுதி, பகுதி என இரண்டு முழு எண்களாக வைத்திருப்பது இதனால்தான்.

எடைதான் உண்மையான தலைவலி. விட்டத்தை மி.மீ.யில் வர்க்கமாக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. முழுக் கம்பிக்கு இது 10.67 கிலோ. ஆனால் ஆலை உருட்டித் தள்ளும் கம்பி சூத்திரம் பார்த்து வருவதில்லை. இந்தியத் தரநிர்ணயமே இந்த விட்டத்துக்குச் சில சதவீத ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கிறது. எடைமேடையில் 5,000 கிலோ காட்டிய லோடில் 480 கம்பி இருந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் 10.67 கிலோ எனக் கழித்துக்கொண்டே போனால், குடோன் காலியாகும் நாளில் கணிப்பொறி சுமார் 120 கிலோ மைனஸ் இருப்பு காட்டும். யாரும் திருடவில்லை, எவரும் தப்பாக எண்ணவுமில்லை.

இறைச்சி, பாலாடைக்கட்டி வியாபாரத்திலும் இதே கதை. இரண்டு கோழி ஒரே எடையில் இருக்காது. அங்கே விகிதத்தையே நம்பாமல், எண்ணிக்கையையும் எடையையும் தனித்தனி இருப்பாக வைத்து, ஒவ்வொரு பில்லிலும் இரண்டையும் பதிகிறார்கள். எஸ்.ஏ.பி., மைக்ரோசாஃப்ட் டைனமிக்ஸ் போன்ற பெரிய மென்பொருள்களில் இதற்கெனத் தனி வசதியே உண்டு. சின்னக் கடைக்கு அது அதிகம். கம்பி எண்ணிக்கையை அடிப்படையாக வைத்து, லோடு வரும்போது எடைமேடைச் சீட்டின் எடையையும் குறித்துக்கொண்டாலே போதும் என்பேன்.

இதை முதல் பில்லுக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். வரவு செலவு பதிவான பொருளின் அடிப்படை அலகை மாற்ற மென்பொருள்கள் எளிதில் விடுவதில்லை. பழைய ஐட்டத்தின் இருப்பைப் பூஜ்யமாக்கி, வேறு பெயரில் புதிதாகத் திறக்க வேண்டியிருக்கும்.