மூடாக்கு வேரழுகலை எப்படித் தடுக்கிறது?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் அவகாடோ தோப்புகளைப் பைட்டோப்தோரா சின்னமோமி என்ற வேரழுகல் கிருமி அழித்தபோது, கோழி எருவும் பசுந்தாளும் விடாமல் இட்டுவந்த தோப்பொன்று, மண்ணில் அதே கிருமி இருந்தும் செழித்தே நின்றது. 1970களில் ஆராயப்பட்ட இந்தப் புதிருக்கு, கிருமியின் உடலமைப்பு ஒரு விடை தருகிறது. பூஞ்சை போலத் தோன்றினாலும் அது பூஞ்சை அல்ல. பூஞ்சைகளின் செல்சுவரில் கைட்டின் இருக்கும்; இதன் சுவரிலோ செல்லுலோஸ். மூடாக்காக இடும் மரச்சீவலிலும் அதேதான். சீவலை மக்கவைக்கும் பூஞ்சைகள் சுரக்கும் செல்லுலேஸ் நொதி, பக்கத்திலிருக்கும் கிருமியின் சுவரையும் அரித்துவிடுகிறது. மூடாக்கை விலக்கினால் சீவலைப் பின்னிய வெண்ணூல்களும், அவற்றுக்கிடையே மேலேறி வந்த வெளிறிய ஊட்டுவேர்களும் கண்ணில் படும்.

அப்படியானால் டிரைக்கோடெர்மா என்ற நன்மைதரும் பூஞ்சையைப் பொட்டலமாக வாங்கித் தூவினால் போதாதா? போதாது என்பேன். தீனியில்லாத மண்ணில் விட்ட நுண்ணுயிர் நெடுநாள் நிலைக்காது. சீவல்தான் அதன் சோறு. மூடாக்கின் ஈரம் கிருமிக்கே உதவுமே என்ற அச்சம் நியாயமானது, ஏனென்றால் அதன் வித்துகள் நீரில் நீந்திப் பரவுபவை. அதனால் வடிகால்தான் முதல் வேலை. சீவல் கரடாக இருக்கவேண்டும், அடிமரத்தை ஒட்டக்கூடாது. கலிபோர்னிய ஆய்வுகளில் நொதி மூடாக்கு அடுக்கில் மிகுந்தும் கீழ்மண்ணில் குறைந்தும் காணப்பட்டது. ஆழத்து வேருக்கு இந்தக் காவல் எட்டாது. மேல்மண்ணிலேயே வேர்விடும் அவகாடோவுக்கு நன்றாகவே எட்டுகிறது.