அறுபதும் அறுபத்தாறும்

பிரிட்டனில் ஓர் அக்காவும் தங்கையும் என்று வைத்துக்கொள்வோம். அக்கா 1950 மார்ச்சில் பிறந்தவர். தங்கை 1954 அக்டோபர் 10. வயதில் நாலரை ஆண்டுதான் வித்தியாசம். அக்காவுக்கு 60 முடிந்ததும், 2010 மார்ச்சிலேயே, அரசு ஓய்வூதியம் வந்துவிட்டது. தங்கைக்கு வந்தது 2020 அக்டோபரில், 66 வயதில். நாலரை ஆண்டு இளையவர், அக்காவுக்குப் பிறகு பத்தரை ஆண்டு காத்திருந்தார்.

அந்த 60 ஆதியிலிருந்தே இருந்ததல்ல. 1909 ஜனவரி 1 அன்று அஞ்சலகங்களில் முதன்முதலாக முதியோர் ஓய்வூதியம் கொடுத்தபோது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வயது, 70. வறியவர்களுக்கு மட்டும், வாரத்துக்கு 5 ஷில்லிங். 1925ஆம் ஆண்டுச் சட்டம் சந்தா கட்டியவர்களுக்கு அதை 65 ஆக்கியது. அதிலும் பேதம் இல்லை.

பேதம் வந்தது 1940இல். மனைவி பெரும்பாலும் கணவரைவிட இளையவர். கணவர் 65ஐத் தொட்டு வீட்டில் உட்காரும்போது மனைவிக்கும் பணம் வரவேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் பிராட்ஃபோர்டு நகரத்துப் பெண்கள். ஃபுளோரன்ஸ் ஒயிட் 1935இல் அங்கே திருமணமாகாத பெண்களைத் திரட்டி, 55 வயதில் ஓய்வூதியம் கேட்டார். முதல் உலகப் போர் ஒரு தலைமுறை இளைஞர்களைக் கொண்டுபோயிருந்தது. ஃபுளோரன்ஸுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவரும் அந்தப் போர்க்காலத்தில் இறந்தவர். ஆலையில் தேய்ந்து, வயதான பெற்றோரையும் பார்த்துக்கொண்ட அந்தப் பெண்களை, ஐம்பதைத் தாண்டிவிட்டால் வேலைக்கு எடுப்பார் இல்லை. 55 கிடைக்கவில்லை, 60 கிடைத்தது. அது யாரும் போட்ட பிச்சை அல்ல, கேட்டு வாங்கியது.

1950களில் பிறந்த பெண்கள் அந்த 60ஐ நம்பித்தான் வளர்ந்தார்கள். 15 வயதில் பள்ளியை விட்டு வேலைக்குப் போனவர்கள் ஏராளம். கல்யாணமான பெண் குறைந்த சந்தா கட்டினால் போதும் என்றொரு ஏற்பாடு இருந்தது. காப்பீட்டு அட்டையில் ஒட்டும் அந்த வில்லையை ‘சின்ன முத்திரை’ என்பார்கள். கையில் நாலு காசு கூடுதலாக நின்றது. ஆனால் அந்த ஆண்டுகள் அவளுடைய சொந்த ஓய்வூதியக் கணக்கில் ஏறாது. கணவரின் சந்தாவைச் சார்ந்தே அவள் முதுமை என்று அரசே வகுத்து வைத்திருந்தது. 1977 வரை புதியவர்களும் இதில் சேர முடிந்தது. பிள்ளை வளர்க்கப் பகுதி நேர வேலைக்குப் போனவர்களைப் பல நிறுவனங்கள் தங்கள் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கவே இல்லை. இவர்களுக்கு 60 என்பது சலுகை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1995இல் சட்டம் மாறியது. 2010 தொடங்கி 2020க்குள் பெண்களின் வயதைப் படிப்படியாக 65 ஆக்குவது என்று முடிவானது. ஆணும் பெண்ணும் சமம் என்ற நியாயத்தை நான் மறுக்கவில்லை. 62 வயது ஆண் வேலையிழந்து நிற்க, அதே வயதுப் பெண் பணம் பெறுவதும் சரியல்லதான். பதினைந்து ஆண்டு அவகாசமும் இருந்தது. ஆனால் 2011இல் இன்னொரு சட்டம் வந்து வேகத்தைக் கூட்டியது. 2018 நவம்பரிலேயே 65, 2020 அக்டோபரில் இருபாலருக்கும் 66. நம் தங்கை 2019 மே மாதம் வாங்கியிருக்க வேண்டியவர். இன்னும் பதினேழு மாதம் தள்ளிப்போனது.

மாறியதைவிடப் பெரிய குறை, சொல்லாததுதான். துண்டறிக்கைகளும் விளம்பரங்களும் இருந்தன. ஆனால் பெண்களின் பெயருக்கே நேரடியாகக் கடிதம் போகத் தொடங்கியது 2009 ஏப்ரலில். 2006 டிசம்பரிலேயே போயிருக்க வேண்டும், 28 மாதம் வீணானது நிர்வாகத் தவறு என்று நாடாளுமன்றக் குறைதீர்ப்பாளர் 2021இல் கண்டார். அறுபதை நெருங்கிய பிறகே விஷயம் தெரிந்தவர்களில், அதற்குள் வேலையை விட்டுவிட்டவர்கள் சேமிப்பைக் கரைத்தார்கள். வீட்டை விற்றவர்களும் உண்டு. 2024 மார்ச்சில் அதே அலுவலகம் ஆளுக்கு 1,000 முதல் 2,950 பவுண்டு வரை இழப்பீடு பரிந்துரைத்தது. அந்த டிசம்பரில் அரசு தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டது. பெரும்பாலோருக்கு மாற்றம் தெரிந்தே இருந்தது என்று கூறி இழப்பீட்டை மறுத்தது. தவறு என்று ஒப்புக்கொண்ட பிறகு வெறுங்கையோடு அனுப்புவது நியாயமே அல்ல.

இப்போது அடுத்த ஏற்றம். 2026 ஏப்ரல் முதல் 2028க்குள் வயது 67 ஆகிறது, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாகவே. 1960 ஏப்ரல் 6 முதல் பிறந்தவர்களை இது தொடும். அங்கே அந்த வயதில் உங்களுக்கு ஒரு அக்காவோ சித்தியோ இருந்தால் இன்றே பேசுங்கள். ஓய்வூதியம் எந்தத் தேதியில் தொடங்கும், சந்தா எத்தனை ஆண்டு பதிவாகியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். முழுத் தொகைக்குப் பொதுவாக 35 ஆண்டு வேண்டும். 10 ஆண்டுக்குக் குறைந்தால் பெரும்பாலும் ஒன்றுமே வராது.