தெளிவு என்பது எது?



கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருங்கோயிலின் வடபுறத்தில் சண்டேசுவர அநுக்கிரக மூர்த்தியின் சிற்பம் உண்டு. அடியவரின் முடியில் இறைவன் மாலை சூட்டும் கோலம் அது. சாய்ந்த ஒளி படும்போது விரல்களின் நெகிழ்ச்சியும் முகத்தின் கனிவும் துலங்கும்; மேகம் மூடிய பொழுதில் அதே கல் சற்றுத் தட்டையாகத் தோன்றும். உளிவேலை இரு பொழுதிலும் ஒன்றே. ஆதலின், தெளிவு என்பது நுண்ணிய கோடுகளின் எண்ணிக்கையில் மட்டுமன்று, ஒளிக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டிலும் இருக்கிறது. இவ்வுண்மையைத் துணையாகக் கொண்டு எச்.டி. தொலைக்காட்சிப் பெட்டிகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

எங்கள் தெருப் படிப்பகத்துக்குப் பெட்டி வாங்க இளைஞர்கள் பணம் திரட்டினார்கள். முந்திரி பொறுக்கியும் நாற்று நட்டும் ஈட்டிய கூலியிலிருந்து வந்த பணம் அது. தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். எனக்குச் சிறிது அச்சமே உண்டாயிற்று. ஏனெனில், நான் ஓய்வு பெற்றபோது, கடையில் கண்ட ஒளியில் மயங்கி, பெரிய 4கே பெட்டி ஒன்றை வாங்கியிருந்தேன். வீட்டில் வைத்துப் பார்த்தால் செய்தி வாசிப்பவரின் முகமே மங்கித் தெரிந்தது. பிழை பெட்டியில் இல்லை. கணக்குப் பார்க்காத என்னிடம் இருந்தது.

அக்கணக்கு எளியது. திரையிலுள்ள படம் சிறு புள்ளிகளால் ஆனது. நம் நாட்டுச் சாதாரண ஒளிபரப்பில் குறுக்கே 720, நெடுக்கே 576, ஆக 4,14,720 புள்ளிகள். ஃபுல் எச்.டி. என்பதில் 1920-ஐ 1080-ஆல் பெருக்க 20,73,600. 4கே என்பதில் 82,94,400. வகுத்துப் பாருங்கள்: சாதாரண ஒளிபரப்பின் ஒரு புள்ளி, 4கே திரையில் 20 புள்ளிகளின் இடத்தை நிரப்ப வேண்டும். இல்லாத நுட்பத்தைப் பெட்டி ஊகித்தே நிரப்புகிறது. உழக்கு நெல்லைக் கொட்டினால் பத்தாயம் நிறையுமா? என் வீட்டுக்கு வந்தது அத்தகைய படமே.

அடுத்தது கண். நல்ல பார்வையும் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக்கு உட்பட்ட நுட்பத்தைப் பிரித்தறிவது அரிது. 10 அடித் தொலைவில் அது ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர். 43 அங்குல ஃபுல் எச்.டி. திரையில் ஒரு புள்ளியின் அகலமோ ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். அத்தொலைவில் அமர்வோர்க்கு 4கே தரும் கூடுதல் நுட்பம் பெரும்பாலும் புலப்படாது. அருகில் அமர்வோர்க்கும் மிகப் பெரிய திரை வைப்போர்க்குமே அது பயன்படும்.

மூன்றாவது ஒளி. எல்.இ.டி. பெட்டியில் பின்புறம் விளக்குகள் எரிகின்றன. முன்னுள்ள திரவப் படிகம் சன்னற்கதவுபோல் ஒளியை விட்டும் தடுத்தும் படம் அமைக்கிறது. கதவு முற்றும் மூடாமையால் கருமை சற்றுச் சாம்பலாகும். கியூ.எல்.இ.டி. என்பதும் இவ்வகையே, நிறத்தைச் செம்மையாக்கும் நுண்துகள் ஏடு ஒன்று அதில் கூடுதல். ஓ.எல்.இ.டி. பெட்டியிலோ ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். ஆதலின் கருமை முழுக் கருமை. விலை மிகுதி, அசையாத சின்னம் நெடுநேரம் நின்றால் அதன் தடம் பதிந்துவிடவும் கூடும். பிளாஸ்மா என்னும் வகையைப் பெரிய நிறுவனங்கள் 2014-ஆம் ஆண்டை ஒட்டிக் கைவிட்டன.

இவற்றை எண்ணி, படிப்பகத்தை நாடாவால் அளந்தோம். முதல் வரிசை 10 அடி. பக்கங்களிலும் பலர் அமர்வர். ஆகவே, சாய்ந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐ.பி.எஸ். வகைத் திரையை நாடினோம். கடையில் இரவுக் காட்சி ஒன்றை ஓடவிட்டு, நேரேயும் பக்கத்திலும் நின்று பார்த்தோம். மின்சிக்கன நட்சத்திரச் சீட்டையும் படித்தோம். முடிவில் 43 அங்குல ஃபுல் எச்.டி. எல்.இ.டி. பெட்டியே வாங்கினோம். மிஞ்சிய பணத்தில் ஒரு பகுதி எச்.டி. இணைப்புக்கும், மறு பகுதி நூல்களுக்கும் சென்றது.

மாணவர்களே, பொருளின் பெருமையைக் கடைக்காரர் சொல்வார். நம் தேவையை நாமே அளக்க வேண்டும். எந்தப் படம் வருகிறது, எவ்வளவு தொலைவில் அமர்கிறோம், கருமை எவ்வாறு தோன்றுகிறது என்னும் மூன்று வினாக்களையும் கேட்ட பின்னரே பணப்பையைத் திறவுங்கள். நான் ஒரு பெட்டியின் விலை கொடுத்துக் கற்ற பாடத்தை நீங்கள் செலவின்றிக் கற்பீர்களாக!