சுவர் வியர்த்த கதை

சென்னையில் மிருதங்கம் சொல்லிக்கொடுக்க ஒரு பாயும் ஒரு திண்ணையும் இருந்தால் போதும். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிடிக்காவிட்டால் ஜன்னலைச் சாத்திக்கொள்வார். பிடித்துவிட்டாலோ தாமே வந்து உட்கார்ந்து தாளம் போடுவார். கனடா தேசத்து டொராண்டோ நகரில் காரியம் அவ்வளவு சுலபமில்லை. அங்கே வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஊரே அடங்கிவிடுகிறது. அந்த மௌனத்தில் ஒரு பையன் 'தா தீ தொம் நம்' என்று ஆரம்பித்தால் அது அடுத்த வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கே போய்ச் சேருகிறது.

அந்நகரின் ஸ்காபரோ பகுதியில் வசிக்கும் நண்பர் ஒருவர், யாழ்ப்பாணத்தவர், தமது வீட்டு நிலவறையில் மிருதங்க வகுப்பு நடத்துகிறார். பாடங்களை ஒலிப்பதிவு செய்து வெளியூர் மாணவர்களுக்கு அனுப்புவதும் உண்டு. அடுத்த வீட்டார் இரண்டு முறை மரியாதையாகவும் மூன்றாம் முறை மரியாதை குறைந்தும் சொல்லியனுப்பவே, அவர் அறையைச் சப்தம் வெளியே போகாமல் அடைத்துவிடத் தீர்மானித்தார். கான்கிரீட் சுவரை ஒட்டி மரச் சட்டம் நாட்டினார். அதற்குள் கண்ணாடிப் பஞ்சைத் திணித்தார். மேலே மெல்லிய பலகை, அதன்மேல் முட்டைத் தட்டுப்போலக் குழிகுழியான நுரைப்பஞ்சு. கதவிடுக்குகளையும் அடைத்தார். வெளிக்காற்று வரும் துவாரத்தையும் மூடிவிட்டார்.

ஜனவரி பிறந்தது. அறையில் ஈர நாற்றம். மூலையில் வைத்திருந்த மிருதங்கத்தின் வாரிலே வெண்மையாகப் பூசணம் பூத்தது. மூச்சுமுட்டு நோயுள்ள ஒரு சிறுமி இருமல் தாங்காமல் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பலகையைக் கழற்றிப் பார்த்தபோது பஞ்சு நனைந்து தொங்கியது. சுவர் முழுவதும் கறுத்திருந்தது. "ஊரிலை வெளியிலைதான் மழை பெய்யும் ஐயா, எனக்கு அறைக்குள்ளையே பெய்தது" என்றார் நண்பர். இத்தனைக்கும் அடுத்த வீட்டாருக்குச் சப்தம் குறைந்ததாகவும் தெரியவில்லையாம்!

சுவர் எப்படி வியர்த்தது? குளிர்ந்த ஜலம் நிறைந்த செம்பின் வெளிப்புறத்தில் முத்து முத்தாக நீர் அரும்புவதை நேயர்கள் பார்த்திருப்பார்கள். பனித்துளி உண்டாகும் விதத்தை வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற வைத்தியர் 1814-ல் ஒரு நூலில் விளக்கினார். செம்பிலும் சுவரிலும் நடப்பது அதே காரியந்தான். 20 டிகிரி உஷ்ணமுள்ள காற்று ஒரு கன மீட்டரில் சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். பூஜ்ய டிகிரிக்கு வந்தால் 5 கிராமைக் கூடத் தாங்காது. மிச்சம் நீராகிவிடும்.

இனி நண்பரின் அறையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். அறையின் கொள்ளளவு சுமார் 30 கன மீட்டர். அதிலுள்ள காற்று முழுதும் தாங்கக்கூடிய நீராவி 510 கிராம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மூச்சாலும் வியர்வையாலும் மணிக்குச் சுமார் 50 கிராம் நீரை வெளியிடுகிறார். ஆறு பேர் இரண்டு மணி நேரம் இருந்தால் 600 கிராம். மிருதங்கம் வாசிப்பவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பதுமில்லை. காற்றுப் போக வழியில்லாத அறையில் அந்த நீர் எங்கே போகும்?

இதில் ஒரு விசித்திரம் உண்டு. சுவர் வெறுமையாய் இருந்தபோது வீட்டு உஷ்ணம் அதையும் சற்றுக் காய்ச்சிக்கொண்டிருந்தது. பஞ்சு வைத்தவுடன் அறை கதகதப்பாயிற்று, சுவரோ முன்னிலும் குளிர்ந்தது. கம்பளி போர்த்திக்கொண்டவனுக்குத்தான் சுகம். கம்பளிக்கு வெளியே இருப்பவனுக்கு அல்லவே! பஞ்சு வெப்பத்தைத் தடுக்குமேயன்றி நீராவியைத் தடுக்காது. அது பஞ்சினூடே சென்று குளிர்ந்த சுவரைத் தொட்டதும் அங்கேயே நீராயிற்று.

குழிப் பஞ்சு ஏன் பயன்படவில்லை என்பதற்கும் ஒரு பழைய கதை இருக்கிறது. 1895-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையில், பேச்சு எதிரொலித்துக் குழம்பும் ஒரு மண்டபத்தைச் சீர்ப்படுத்தும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியரிடம் வந்தது. அவர் இரவு வேளைகளில் பக்கத்து நாடக மண்டபத்து மெத்தைகளைத் தூக்கி வந்து அடுக்கி, சப்தம் எத்தனை வினாடியில் அடங்குகிறதென்று அளந்தார். மெத்தை எதிரொலியைக் குறைக்கும் என்பது ருசுவாயிற்று. ஆனால் உள்ளே எதிரொலி குறைவது வேறு. வெளியே சப்தம் போகாதிருப்பது வேறு. பின்னதற்கு வேண்டியது கனம், இடுக்கின்மை, இரண்டு சுவர்களும் ஒன்றையொன்று தொடாமை. சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மற்றப் பாகம் மலைபோல் கனத்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. லண்டனில் 1932-ல் திறக்கப்பட்ட பி.பி.ஸி. ஒலிபரப்பு மாளிகையில் ஸ்டூடியோக்களை நடுவே ஒரு கோபுரமாக வைத்து, சுற்றிலும் காரியாலய அறைகளைக் கட்டியதும் தெருச் சப்தத்தைத் தூரத்தில் நிறுத்தத்தான்.

நண்பர் எல்லாவற்றையும் பிரித்தெறிந்து இரண்டாம் முறை செய்ததைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

முதலில் வெளியிலிருந்து மழைநீர் கசிகிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு கான்கிரீட்டின்மேல் 75 மில்லிமீட்டர் கனமுள்ள பாலிஸ்டிரீன் நுரைப்பலகையை இடைவெளியின்றி ஒட்டி, பொருத்துகளையெல்லாம் நாடா வைத்து அடைத்தார். இப்பலகை சப்தத்தைத் தடுப்பதில் சூன்யம். அதன் வேலை, அறைக் காற்றைக் குளிர்ந்த சுவரிடம் அண்டவிடாதிருப்பது. அதிலிருந்து ஓர் அங்குலம் விலகித் தனியாக மரச் சட்டம்; அதில் 50 மில்லிமீட்டர் கல்பஞ்சு; அதன்மேல் 16 மில்லிமீட்டர் ஜிப்சம் பலகை இரண்டு அடுக்கு, நடுவே அதிர்வை விழுங்கும் பசை. சதுர மீட்டருக்கு 20 கிலோவுக்கு மேல் கனம். நெருப்புக்கு அஞ்சும் நுரைப்பலகைக்கு ஜிப்சம் ஒரு கவசமாகவும் ஆயிற்று.

கல்பஞ்சை இன்னும் தடியாக வைத்தால் சப்தத்துக்கு நல்லதுதானே என்று நாம் கேட்டோம். கூடாதாம், பஞ்சு தடித்தால் அதற்குப் பின்னாலுள்ள நுரைப்பலகையின் முகம் குளிர்ந்து பழைய கதையே திரும்பும். இப்போதைய அளவில், வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரியும் உள்ளே 20 டிகிரியும் இருக்கையில், அந்த முகம் 8 அல்லது 9 டிகிரியில் நிற்கும். அறையின் ஈரப்பதம் 45 சதவீதமானால் நீர் அரும்பத் தொடங்குவது 8 டிகிரிக்குக் கீழேதான். தப்பிக்கொள்ளலாம், ஆனால் அதிக இடமில்லை. குளிர் அதைவிட ஏறும் நாட்களில் அவர் ஈரப்பதத்தை 35-க்கு இறக்கிவிடுகிறார். மிருதங்கத்துக்கு அது பிடிப்பதில்லை. காற்று உலர்ந்தால் தோல் இறுகுகிறது, கட்டையில் வெடிப்புக் காணுமோ என்ற பயமும் வருகிறது. ஆகவே வாத்தியங்கள் மட்டும் உறைக்குள் இருக்கின்றன.

பாலிதீன் தாளையும் ஒன்று ஒட்டிவிடலாமே என்று யாரோ யோசனை சொன்னார்களாம். நீராவியைத் தடுக்கும் தடை ஒன்றே இருக்கவேண்டும். இரண்டு வைத்தால் நடுவில் சிக்கிய ஈரம் உலர வழியில்லை.

காற்றுக்கு வழி வேண்டும் என்பதையும் அவர் இம்முறை மறக்கவில்லை. போகும் காற்றின் வெப்பத்தை வரும் காற்றுக்குக் கொடுக்கும் யந்திரம் ஒன்றை வைத்து, குழாய்களை உள்ளே பஞ்சு பதித்த பெட்டிகளின் வழியாக வளைத்து வளைத்து விட்டிருக்கிறார். காற்று வளைந்து வந்துவிடுகிறது. சப்தம் வழியிலேயே பஞ்சில் அடங்கிப்போகிறது.

செலவு அதிகந்தான், அறையும் சுற்றிலும் முக்கால் அடிக்கு மேல் சுருங்கிவிட்டது. சிறுமி மறுபடி வருகிறாள். வலந்தலையின் சொற்கள் அடுத்த வீட்டுக்குக் கேட்பதில்லை. தொப்பியின் கும்கி மட்டும் இன்னும் லேசாகப் போகிறது, தாழ்ந்த நாதத்தைத் தடுப்பது கடினம். அதற்காக இரவு எட்டு மணிக்கு வகுப்பை முடித்துக்கொள்வதென்று இரு வீட்டாரும் பேசி வைத்திருக்கிறார்கள்.